தேடாமலே 'இல்லை' என்ற திரை

போன வாரம் நம் அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் நீங்கள் எல்லோரும் மேலகரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் வேலையில் வந்து நின்றது. உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடம், ஈவென்ட் எல்லாத்தையும் ஃப்ரேம்வொர்க்கே பாத்துக்கிடுது. எந்த பிரௌசர் என்ன பண்ணுதுன்னு நாங்க எதுக்குப் படிக்கணும்?"

நல்ல கேள்வி. அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வந்திருக்கும் பழக்கம் இது. யாராவது ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்கு முன்னால் ஓர் ஆள் நினைவுக்கு வந்துவிடுகிறார். ஆளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நீங்கள் கடைசி பஸ்ஸை விட்டிருப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உலகத்தில் பெரிதாக இரண்டு பிரௌசர்கள்தான். வலைப்பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால், அந்தச் செய்தியை, அதாவது ஈவென்டை, ஒரு பிரௌசர் முதலில் பொத்தானிடம் சொல்லும். பிறகு அதைச் சுற்றியுள்ள பெட்டிகளுக்கு ஒவ்வொன்றாக வெளியே கொண்டு போகும். மற்ற பிரௌசர் நேர்மாறாக, பக்கத்தின் வெளிவிளிம்பில் தொடங்கிப் பொத்தான் வரை உள்ளே இறங்கும். ஒரே விரல், ஒரே பொத்தான், இரண்டு வரிசை. கூட இருந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கோ ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கள் குழுவின் மூத்தவரிடம் எது சரி என்று கேட்டேன். "ரெண்டும் சரிதான். ரெண்டு பேரும் வேற வேற கேள்விக்குப் பதில் சொல்றாங்க. என்ன கேள்வின்னு கண்டுபிடி" என்றார். பின்னாளில் வந்த பொதுவிதி இரண்டு வரிசைகளையும் ஏற்றுக்கொண்டது. முதலில் உள்ளே இறங்கு, பிறகு வெளியே ஏறு என்றது. அப்போது அந்த மூத்தவர் எங்கே இருந்தாரோ தெரியாது. எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அதற்கும் பிறகு வந்தவைதான் நீங்கள் இன்று பயன்படுத்தும் ஃப்ரேம்வொர்க்குகள். பிரௌசர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வதைப் பக்கத்தின் வேரில் நின்று கேட்டு, ஒரே மாதிரி ஆக்கி நம்மிடம் தருகின்றன. பெரும்பாலும் நன்றாகத் தருகின்றன. நான் சொல்லப்போவது அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்குள் அடங்காமல் போன ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

நம் தென்காசி அலுவலகத்தில் என்னோடு இசக்கிராஜ் என்று ஒருவர் வேலை பார்த்தார். இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். கைவேகக்காரர். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் கூட்டத்தில் தவறிப் போகிறவர்களைச் சேர்த்துவைக்க ஒரு தன்னார்வக் குழு இருந்தது. மெயின் அருவி, ஐந்தருவி, பழைய அருவி மூன்றிலும் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருப்பார்கள். மைக்கில் பெயர் சொல்லி அழைப்பார்கள். ஆனால் ஒரு அருவியில் சொல்வது இன்னொரு அருவிக்குக் கேட்காது. போன் போட்டாலும் தண்ணீர்ச் சத்தத்தில் அடிப்பது தெரியாது. அதனால் அவர்களுக்கென்று இசக்கிராஜ் ஒரு வலைப்பக்கம் செய்து கொடுத்தார். ஓர் அருவியில் கண்டுபிடித்தவரின் பெயரையும் அடையாளத்தையும் பதிந்தால் மற்ற இரண்டு இடத்திலும் பெயரை எழுதித் தேடலாம். எழுத எழுதக் கீழே விவரம் வரும். எல்லாப் பெயரும் எல்லோர் கண்ணிலும் படக்கூடாது என்பதால் பெயர் எழுதும்வரை யார் விவரமும் வராது.

பக்கம் பயன்பாட்டுக்கு வந்த முதல் ஞாயிறு எப்படி ஓடுகிறது என்று பார்க்க நாங்கள் இருவரும் மெயின் அருவி தார்ப்பாய்க்கு அடியில் போய் உட்கார்ந்தோம். அங்கே பொறுப்பில் இருந்தவர் மாடசாமி அண்ணாச்சி. வீரகேரளம்புதூர்க்காரர், போலீசில் ஏட்டையாவாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையிலிருந்து இரண்டு மூன்று பேர் தவறி, மைக் சத்தத்திலேயே சேர்ந்துவிட்டார்கள். எங்கள் தார்ப்பாயில் பக்கத்துக்கு வேலையே வரவில்லை. இசக்கிராஜுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் மலையில் மழை பிடித்தது. தண்ணீர் நிறம் மாறியது. விசில் ஊதி எல்லோரையும் அருவியிலிருந்து வெளியே ஏற்றினார்கள். ஈரத்தலையோடு அவ்வளவு கூட்டமும் ஒரே நேரத்தில் பாதைக்கு வந்தது. அந்த நெரிசலுக்குள்ளிருந்து ஒரு பெண் தார்ப்பாய்க்குள் ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, எந் தங்கச்சியக் காணல."

அவள் பெயர் கோமதி. பாவூர்சத்திரம். சொந்தக்காரர்கள் எல்லோரும் இரண்டு வேனில் வந்திருக்கிறார்கள். காலையில் ஐந்தருவியில் குளித்துவிட்டு மெயின் அருவிக்கு வந்திருக்கிறார்கள். தங்கை அந்த வேனில் இருக்கிறாள் என்று இவர்களும், இந்த வேனில் இருக்கிறாள் என்று அவர்களும் நினைத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பந்தி விரித்தபோதுதான் ஆள் இல்லை என்று தெரிந்திருக்கிறது.

அண்ணாச்சி மைக்கை எடுத்தார். "பேரு சொல்லும்மா."

"செல்வி. ஆனா மைக்குல சொன்னா அவளுக்குக் கேக்காது அண்ணாச்சி. காது கேக்காது, பேச்சும் கெடையாது. போனும் எங்க பையிலதான் கெடக்கு."

அண்ணாச்சி மைக்கை வைத்துவிட்டுத் தன் கைப்பேசியை எடுத்தார். பக்கத்தைத் திறந்து தமிழ் விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினார். செல்வி. திரையில் நின்றது: பதிவு ஏதும் இல்லை.

அழித்துவிட்டு மறுபடி எழுதினார். பதிவு ஏதும் இல்லை.

"அஞ்சருவியிலயும் இல்ல, பழைய அருவியிலயும் இல்ல" என்றார்.

கோமதி அதுவரை அழவில்லை. இப்போது குரல் உடைந்தது. "கடைசியா அஞ்சருவியில அவ தண்ணிக்குள்ளதான் நின்னா. நான் தலை தொவட்ட வெளிய வந்துட்டேன். இப்படி வெள்ளம் வருதே, விசில் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்குமா?"

அண்ணாச்சி என்னை ஓரமாக அழைத்தார். "மேடம், லேட் பண்ணப்பிடாது. ஃபயர் சர்வீசுக்குச் சொல்லி அஞ்சருவிக்குக் கீழ ஓடையைப் பாக்கச் சொல்லிருதேன். எங்கயும் இல்லைன்னா வேற என்ன அர்த்தம்?"

இசக்கிராஜ் இதற்குள் மடிக்கணினியைத் திறந்துவிட்டார். "அக்கா, சர்வர் தொங்கிருச்சு போல. ரீஸ்டார்ட் பண்ணிரட்டுமா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். எதிரே ஒருவர் அழுதுகொண்டிருப்பார், இன்னொருவர் முடிவெடுத்துவிட்டிருப்பார், உங்கள் கூட்டாளியின் விரல் விசைமேல் இருக்கும். அப்போது எதையாவது செய்ய வேண்டும் என்ற துடிப்பு வரும். எனக்கும் வந்தது. ஆனால் என் கண் அண்ணாச்சியின் கைப்பேசியை விட்டு நகரவில்லை. 'செல்வி' என்ற எழுத்துகளுக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு ஓடியது. அந்தக் கோட்டுக்குக் கீழே 'இல்லை' என்ற வாசகம். இரண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று தோன்றியது. என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை.

"ராஜா, எதையும் தொடாத. அண்ணாச்சி, ஃபயர் சர்வீசுக்குச் சொல்லுங்க, அதுல தப்பில்ல. ஆனா கூடவே ஒரு ஆள் ஆட்டோ பிடிச்சு ஐந்தருவி தார்ப்பாய்க்குப் போகட்டும். அந்தத் திரை சொல்லுறத வச்சு அங்க ஆள் இல்லன்னு முடிவு பண்ண வேண்டாம்."

"நீங்க செஞ்ச பக்கந்தான மேடம்?" என்றார் அண்ணாச்சி.

"நாங்க செஞ்சதுதான். அதனாலதான் சொல்லுதேன்."

கோமதியின் கணவர் ஆட்டோவுக்கு ஓடினார். அண்ணாச்சி போனில் பேசத் தொடங்கினார். அதன் பிறகே நான் என் கைப்பேசியை எடுத்தேன். என்னுடையது வேறு கம்பெனி. பிரௌசர் வேறு, தமிழ் விசைப்பலகையும் வேறு. 'செ' என்று எழுதியதுமே கீழே சில பெயர்கள் வந்தன. 'செல்' என்றதும் குறைந்தன. 'வி' எழுதியபோது ஒன்றுதான் இருந்தது.

செல்வி. ஐந்தருவி. காது கேளாதவர். பச்சைச் சேலை. ஊர் பாவூர்சத்திரம் என்று எழுதிக் காட்டினார்.

செல்வி என்ற பெயருக்கு நம் பக்கம் பஞ்சமா? ஆனால் பாவூர்சத்திரத்துச் செல்வி, காது கேளாதவர், இன்று, ஐந்தருவியில்! கோமதியிடம் திரையைக் காட்டினேன். அவள் எழுத்தைப் படிக்கவில்லை. என் முகத்தைத்தான் படித்தாள்.

பதிவின் கீழே 'உறவினர் வந்துள்ளார்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அந்த அருவியில் இருப்பவரின் திரையில் சிவப்புப் பட்டை ஒன்று வரும். அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் ஐந்தருவியிலிருந்து செண்பகம் என்ற தன்னார்வலர் வீடியோவில் அழைத்தார். அவர் ஏதோ சொன்னார். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. கைப்பேசியைத் திருப்பினார். பச்சைச் சேலையில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

கோமதி என் கையிலிருந்து கைப்பேசியைப் பறித்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் என்னென்னவோ சைகை செய்தாள். அந்தப் பக்கத்திலிருந்தும் சைகை வந்தது. எங்களுக்குத்தான் அந்த இரைச்சல் இடைஞ்சல். அவர்கள் இருவருக்கும் அது இல்லவே இல்லை. சிறிது நேரத்தில் படம் உறைந்து அழைப்பு அறுந்தது. கோமதி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன சொல்லுதா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"கோவமா இருக்கா" என்றாள் கோமதி. அழுகையும் சிரிப்புமாக வந்தது.

அண்ணாச்சி ஃபயர் சர்வீசுக்கு மறுபடி போன் போட்டு ஆள் கிடைத்துவிட்டதைச் சொன்னார். ஐந்தருவிப் பாதை முழுக்க வண்டி நின்றிருந்தது. செல்வி வந்து சேர நேரமாகும். அந்தக் காத்திருப்பில்தான் எங்கள் உண்மையான வேலை தொடங்கியது.

"இந்தா, என் போன்ல இப்பவும் இல்லைன்னுதான் நிக்கி" என்று அண்ணாச்சி தன் கைப்பேசியை நீட்டினார்.

இசக்கிராஜ் முகம் வெளிறியிருந்தது. "ஆபீஸ்ல எல்லா பிரௌசர்லயும் பாத்தேன் அக்கா. தமிழ்ப் பேரா ஐம்பது அறுபது போட்டுப் பாத்தேன். ஒண்ணுகூடத் தப்பல."

"எப்படிப் போட்ட?"

"ஒரு ஃபைல்ல இருந்து எடுத்து ஒட்டினேன்."

ஒட்டினால் முழுச்சொல்லாக ஒரே தடவையில் உள்ளே விழும். விரலால் எழுதினால் என்ன நடக்கிறது? அதைப் பார்த்துவிடலாம் என்று, எந்தெந்த ஈவென்ட் எந்த வரிசையில் வருகிறது என்பதைத் திரையிலேயே வரிவரியாகக் காட்டும் சின்னப் பக்கம் ஒன்றை அங்கேயே செய்யச் சொன்னேன். இசக்கிராஜ் செய்தார். அண்ணாச்சி அதைத் திறந்து, நிதானமாக, வாக்குமூலம் எழுதுகிறவர் போல எழுதினார்.

முதல் எழுத்திலேயே 'கம்போசிஷன் ஸ்டார்ட்' என்று வந்தது. சொல் எழுதத் தொடங்கியாயிற்று என்று பொருள். பிறகு ஒவ்வொரு விரலுக்கும், எழுத்து உள்ளே வந்தது என்று ஒரு 'இன்புட்'. சொல் முடிந்தது. ஆனால் முடிந்தது என்று சொல்லும் 'கம்போசிஷன் எண்ட்' வரவில்லை. அவர் கைப்பேசியின் கணக்கில் செல்வி இன்னும் முடியாத சொல். செல்வியா, செல்வியம்மாளா, செல்விக்கா என்று அது காத்திருந்தது. அந்த மெல்லிய கோட்டின் பொருள் அதுதான்.

"ஒரு இடைவெளி விடுங்க அண்ணாச்சி."

விட்டார். 'கம்போசிஷன் எண்ட்' வந்தது. எங்கள் பக்கத்துக்குப் போய் அதேபோல் செய்தார். செல்வியின் பதிவு வந்து நின்றது.

"இதென்ன கூத்து" என்றார்.

காலையில் மற்றத் தன்னார்வலர்கள் பக்கத்தைச் சோதித்துப் பார்த்தபோது இது ஏன் தெரியவில்லை என்பதற்கும் அப்போதே விடை கிடைத்தது. அவர்கள் விசைப்பலகைக்கு மேலே காட்டும் சொல்லைத் தொட்டு எடுக்கிறவர்கள். தொட்டதும் சொல் முடிந்துவிடும். அண்ணாச்சி அதைத் தொடமாட்டார். "நான் ஒண்ணு எழுதினா அது ஒண்ணு சொல்லுது" என்பார்.

ஃப்ரேம்வொர்க் ஏன் காத்திருந்தது? இசக்கிராஜ் அதன் மூலநிரலைத் திறந்தார். தார்ப்பாயில் மழை கொட்டிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் தலையோடு தலை முட்டிப் படித்தோம். அது சோம்பலினால் காத்திருக்கவில்லை. வேண்டுமென்றே காத்திருந்தது. சில மொழிகளில் முதலில் ஒலியை எழுதி, பிறகு அந்த ஒலிக்கான எழுத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்கும்வரை திரையில் இருப்பது அரைகுறை. அந்த அரைகுறையை வைத்துத் தேடினால் குப்பைதான் வரும். அதனால், சொல் முடிந்தது என்று பிரௌசர் சொல்லும்வரை வரும் 'இன்புட்'களைக் கண்டுகொள்ளாதே என்று எழுதியிருந்தார்கள். முடிந்தது என்பதையும் பிரௌசர்கள் ஒரே மாதிரிச் சொல்வதில்லை. ஒன்று கடைசி 'இன்புட்'டுக்கு முன்னால் சொல்கிறது, ஒன்று பின்னால் சொல்கிறது. பழைய பிரௌசர் ஒன்று, எழுதுகிறவர் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாலும் சொல்வதே இல்லை. அதற்கென்று தனியாக ஒரு வரி, மேலே காரணத்தோடு. எங்கோ இருக்கும் யாரோ ஒருவர் எங்களைப் போலவே மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய வரி அது.

எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாகவே இருந்தது. சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். விசைப்பலகை செய்தது நியாயம். பிரௌசர் செய்தது நியாயம். ஃப்ரேம்வொர்க் செய்தது மற்ற மொழிக்காரர்களுக்கு மரியாதை. மூன்று நியாயமும் சேர்ந்து ஒரு பெண்ணை ஓடையில் தேடும் இடத்துக்கு எங்களைக் கொண்டுபோய் விட்டன. தமிழில் 'செ' என்பதும் எழுத்துத்தான், 'செல்' என்பதும் பொருள் உள்ள சொல்தான். அரைகுறை என்று ஒதுக்க இங்கே ஒன்றுமில்லை. நமக்குத் தேவை, எழுதுவதைத் தானே வாங்கித் தரும் ஃப்ரேம்வொர்க்கின் வசதியான கட்டுமுறையை அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் விட்டுவிட்டு, 'இன்புட்' ஈவென்டை நேரடியாகக் கேட்பது. இரண்டு வரி வேலை.

"திருத்தி இப்பவே பக்கத்துல ஏத்திரட்டுமா அக்கா?" என்றார் இசக்கிராஜ்.

வெளியே பாதை நிறைய ஜனம். இன்னும் எத்தனை பேர் தவறுவார்களோ. ஏற்றும்போது ஒரு பிசகு நடந்தால் மூன்று அருவியிலும் பக்கம் போய்விடும். "வேண்டாம். கூட்டம் கலையட்டும். இப்போ மூணு இடத்துக்கும் ஒரு செய்தி அனுப்பு. பேரு எழுதி முடிச்சதும் ஒரு இடைவெளி விடணும். அவ்வளவுதான்."

அவர் அனுப்பினார். அனுப்பிவிட்டு, "பெட்டிய சரிபண்ணிட்டா முடிஞ்சுது" என்றார்.

"முடியலடே" என்றார் அண்ணாச்சி. "அது என் எழுத்தையே வாங்கலைன்னு சொல்லுத. வாங்காம எப்படி இல்லைன்னு சொல்லிச்சு?"

இசக்கிராஜ் விளக்கினார். பெயர் எழுதுமுன் காலியாக இருக்கும் பக்கத்தில் ஏதாவது வாசகம் வேண்டுமே என்று போட்டதும், தேடிக் கிடைக்காதபோது வரும் வாசகமும் ஒன்றேதான்.

"அப்போ அது தேடாமலே இல்லைன்னுருக்கு" என்றார் அண்ணாச்சி. குரலில் கோபம் இல்லை. அவரும் எங்களைப் போல வேடிக்கை பார்க்கத் தொடங்கியிருந்தார். "ஸ்டேஷன்ல ஒருத்தன் அப்படிச் சொல்லியிருந்தா நான் அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டேன் பாத்துக்கோ."

அந்த இரண்டாவது திருத்தம்தான் பெரியது என்று நான் இன்றும் நினைக்கிறேன். 'பெயரை எழுதுங்கள்' என்பது வேறு, 'இந்தப் பெயரில் தேடினோம், இல்லை' என்பது வேறு. ஈவென்ட் எந்த வழியாக வந்தாலும், வராமலே போனாலும், கேட்காததைக் கேட்டதாகத் திரை காட்டிக்கொள்ளக்கூடாது. கேள்வி கேட்டவருக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் இதுதான். ஃப்ரேம்வொர்க் உங்களிடம் தருவது பிரௌசர் சொன்னதில் அது கேட்டுக்கொண்ட பகுதியை மட்டும். மீதி என்ன ஆயிற்று என்று ஒரு நாளாவது எட்டிப் பாருங்கள். பயத்தினால் அல்ல. உள்ளே அவ்வளவு சுவாரசியம் இருக்கிறது.

மழை விட்டபோது கோமதியின் கணவர் போன ஆட்டோ திரும்பி வந்தது. செல்வி இறங்கினாள். கோமதி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். செல்வி அவளை விலக்கி நிறுத்தி, வேகவேகமாகக் கையை ஆட்டினாள்.

கோமதி எங்களுக்குச் சொன்னாள். "காணாமப் போனது நான் இல்ல, நீங்கதான்ங்கறா. இவ எறங்கின எடத்துலயே நின்னாளாம். நாங்கதான் கெளம்பிப் போயிட்டோமாம்."

"அதுவும் சரிதான்" என்றார் அண்ணாச்சி.

பதிவை முடிப்பதற்காக இசக்கிராஜ் மடிக்கணினியைத் திருப்பிச் செல்வியிடம் காட்டினார். அவள் குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பெயர் சரி. ஊர் சரி. பச்சைச் சேலை சரி. வயது என்ற இடத்தில் விரல் நின்றது. செண்பகம் பார்வையிலேயே மதிப்பிட்டு முப்பத்தைந்து என்று போட்டிருந்தார். செல்வி நிமிர்ந்து இசக்கிராஜைப் பார்த்தாள். இரண்டு கை விரல்களால் இருபத்து நான்கு என்று காட்டினாள்.

"அது சும்மா அடையாளத்துக்குப் போட்டதுங்க. இப்போ எல்லாத்தையும் முடிச்சிருவோம்" என்றார் இசக்கிராஜ்.

கோமதி அதைச் சைகையில் சொன்னாள். செல்வி தலையசைக்கவில்லை, நகரவும் இல்லை. சாலையில் வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அது அவளைத் தொடவில்லை. இசக்கிராஜ் சிரித்துக்கொண்டே பதிவைத் திறந்து வயதைத் திருத்தினார். அவள் இன்னொரு தடவை திரையில் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வேனில் ஏறினாள்.